ஒருபக்கமாக உட்கார்பவர்

ஆகஸ்ட் 4, திங்கள்

இவர் நேற்று மண்ரோட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இடது கால், முழங்காலுக்குக் கீழே. ஓடையைத் தாண்டும் இடத்தில் பாசி பிடித்த கல்லில் முன்சக்கரம் வழுக்கியிருக்கிறது. வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணாடி உடைந்து, கைப்பிரேக் லேசாக வளைந்ததோடு சரி. பின்னால் கட்டியிருந்த கருவாட்டுப் பெட்டிதான் திறந்துகொண்டு, நெத்திலி எல்லாம் ஓடையில் போயிற்றாம். செத்துக் காய்ந்த மீனுக்குத் திரும்பவும் தண்ணீர் கிடைத்தது. ஜீப் ஓட்டும் பவுன்ராசு பார்த்து இவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, அடிவாரத்து நல்லாம்பாறையில் எலும்புக்குக் கட்டுப் போடும் அப்பாஸ் ராவுத்தரிடம் காட்டிவிட்டு, மேலே வீட்டில் கொண்டுவந்து இறக்கினான்.

தப்பு கல்லின் மேல் இல்லை, என் மேல்தான். இவர் வண்டியை எடுக்கும்போது நான் வெறுங்குடத்தோடு எதிரே வந்தேனாம்.

"ஒன் மூஞ்சில முழிச்சுட்டுப் போனேன்ல, வெளங்குமா?" என்றார், படுத்துக்கொண்டே. வலியிலும் வாய் குறையவில்லை.

நிறைகுடத்தோடு வர எனக்கும் ஆசைதான். குழாயில் தண்ணீர் வந்தால்தானே.

ஆகஸ்ட் 6, புதன்

வீட்டில் இரண்டு சாக்கு சாளைக் கருவாடும் ஒரு சாக்கு திருக்கையும் கிடக்கின்றன. மலைக் குளிரில் ஈரம் ஏறிப் பூசணம் பூத்துவிடும். தோட்டத்துக் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் எல்லாம் கருவாட்டு வண்டி ஏன் வரவில்லை என்று கேட்கிறார்களாம். அதனால் நான் வண்டி ஓட்டப் பழக வேண்டும் என்று இவரே முடிவு செய்தார். கல்யாணமாகி இந்தச் சேம்படியூத்துக்கு வந்த பிறகு வாங்கிய வண்டி. வாங்கிய நாளிலிருந்து அதைத் துடைத்திருக்கிறேன், கழுவியிருக்கிறேன். ஏறி உட்கார்ந்ததில்லை.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காலை ஒரு முக்காலியில் நீட்டி உட்கார்ந்துகொண்டார். கையில் வேலிக் கம்பு. நான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். நாற்காலிக்கு அருகில் வரும்போது வண்டி நின்றுபோனால் கெண்டைக்காலில் ஒன்று விழும். கம்பைப் பார்த்தாலே கிளட்சை விட்டுவிடுவேன். விட்டால் வண்டி நிற்கும்.

"கிளட்ச மெல்ல விடுடி. மாவாட்டுற கை மாதிரி வெடுக்குனு விடுற."

இடது மணிக்கட்டு வலிக்கிறது. பழைய முறிவு. கிளட்சை அமுக்கும்போது உள்ளே ஏதோ உரசுகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மைதானத்தை நிற்காமல் சுற்றி வந்தேன். கம்புக்கு இன்று வேலை இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஞாயிறுதோறும் கட்டை அவிழ்த்துப் புதுக்கட்டுப் போட வேண்டும் என்று ராவுத்தர் சொல்லியிருக்கிறார். ஜீப்பில் போகலாம் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். அன்றைக்கு ஜீப்பில் வரும்போது வலி தாங்காமல் அழுததைக் கூலிக்குப் போன பெண்கள் எல்லாம் பார்த்துவிட்டார்களாம். பஸ்ஸிலும் மாட்டார், நொண்டிக்கொண்டு படியேற வேண்டும். ஆக, நான்தான் வண்டியில் வைத்துக் கூட்டிப்போக வேண்டும்.

கட்டுப் போட்ட காலை மடக்கி இருபக்கமும் போட்டு உட்கார முடியாது. பெண்கள் உட்காருவதுபோல ஒருபக்கமாகத்தான் உட்கார வேண்டும். அந்தக் காலை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே. மற்ற வண்டிகளில் இடது பக்கம் சேலை சிக்காமல் இருக்க ஒரு கம்பிச் சட்டமும், அதன் கீழே கால் வைக்க ஒரு பலகையும் இருக்கும், சாரி கார்டு என்பார்கள். இவர் வண்டியில் இல்லை. வாங்கிய அன்றே கழற்றிவிட்டார். "பொம்பள ஏறுற வண்டியா இது?" என்று அப்போது கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் உடைக்க வேண்டிய தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இன்று அந்த வண்டியில், என் பின்னால், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஊர் முக்கில் வண்டியை நிறுத்தி எந்த வழி என்று கேட்டேன். தார் ரோடு சுற்று, ஆனால் வெண்ணெய் போல இருக்கும். மண்ரோடு காப்பித் தோட்டங்களுக்குள் நேராக இறங்கும். கல்லும் குழியும் ஓடையும்தான்.

"தார் ரோட்ல அம்புட்டு டீக்கடை இருக்கு. அம்புட்டுப் பயலும் ஒக்காந்து பாப்பான். பொண்டாட்டி பின்னாடி பொம்பள மாதிரி ஒக்காந்து போறான் சென்றாயன்னு சிரிப்பாய்ங்க. மண்ரோட்ல விடு."

"கால் அதிருமேங்க."

"சொன்னதச் செய்யி."

நான் எப்போதும் சொன்னதைச் செய்கிறவள்.

இது டவுன் ரோட்டுக்குச் செய்த வண்டி. மெல்லிய டயர். சரளையில் முன்பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புறக் கவிழும். முதல் கியரில் இஞ்சினையே பிடிமானமாக வைத்து இறக்க வேண்டும். இவர்தான் பின்னாலிருந்து எல்லாம் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு குட்டு வைத்து. இறங்கும்போது இடது பக்கம் பள்ளம். இவர் இரண்டு காலையும் பள்ளத்துக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு அடிவாரம் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏறும்போது இடது பக்கம் மண்சுவர். உண்ணிச்செடி முள் காலைக் கீறிக்கொண்டே வரும்.

ராவுத்தர் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "கை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கே வந்திருந்தா கோணாமக் கூடியிருக்கும். மறுநாள் வந்தே, அதுவும் இம்புட்டுத் தூரம் நடந்து."

நான் துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்துவிட்டதாக அப்போது ஊரில் சொன்னவர் இவர். வண்டியில் கூட்டிப்போகலாம், ஆனால் கால் வைக்கப் பலகை இல்லையே, நீ விழுந்துவிடுவாய் என்று சொன்னவரும் இவர்தான். கருவாடு பிரித்துக் கட்டிவிட்டு மறுநாள் காலையில் கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு இதே மண்ரோட்டில் நடந்து இறங்கினேன். குளிர்ச்சியான ரோடு. பறவைச் சத்தம் எல்லாம் கேட்கும்.

"தம்பி, கால் ஆடக் கூடாது. எந்த ரோட்ல வந்தீங்க?" என்றார் ராவுத்தர்.

"தார் ரோட்லதான் பாய்" என்றார் இவர், கண் சிமிட்டாமல்.

இவர் பேசும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. அப்படித்தான் என்னைப் பழக்கியிருக்கிறார்.

ஆகஸ்ட் 13, புதன்

தனியாக முதல் சுற்று. பெட்டியைக் கட்டிக்கொண்டு, தராசைச் சொருகிக்கொண்டு கிளம்பினேன். மேல்தோட்டம், கூழாம்பாறை, கடைசி லைன் வரை போனேன். ஓடையில் வண்டி நின்றுபோனது. தண்ணீருக்குள் நின்று தள்ளினேன். செம்மண் அப்பி முன்சக்கரம் சுற்றவில்லை. குச்சி எடுத்துக் குத்திக் குத்தி எடுத்தேன். சேலையெல்லாம் சேறு.

லைன் வீட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க ஒன் வீட்டுக்காரரு? அவரு தராசு முள்ளு எங்களப் பாத்தாலே மொறைக்குமே" என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் தாராளமாகவே நிறுத்துப் போட்டேன். டீ கொடுத்தார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

திரும்பி வரும்போது மேட்டில் ஒரு நேரான துண்டு வரும். அங்கே மூன்றாவது கியர் போட்டேன். கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினேன். சந்தோஷமாக இருந்தது. எனக்கு இப்படி இருந்து ரொம்ப நாளாயிற்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கட்டுக்குப் போய்வந்தோம். இன்று இவருடைய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டார். பாதுகாப்புக்கு என்றேன். முதல் வளைவிலேயே குட்டினார். விரல் முட்டி வீங்கிவிட்டது, பாவம். ராவுத்தரிடம் அதற்கும் எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஓடைக்கு முன்னால் ஒரு கல். போன வாரம் ஏறிய அதே கல்லில் இன்றும் ஏறிவிட்டது. "அம்மா!" என்று அலறினார். நான் புதிதாக ஓட்டுகிறவள், என்ன செய்ய?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கட்டு. கல் அங்கேயேதான் இருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இந்நேரம் எலும்பு பிடிப்புக் கொடுத்திருக்க வேண்டுமாம். கொடுக்கவில்லை. ராவுத்தர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். உளுந்து மாவும் முட்டை வெள்ளைக் கருவும் குழைத்துத் தடவி, மூங்கில் தப்பை வைத்துப் புதுக்கட்டு இறுக்கினார்.

"சாப்பாடு சரியில்லையோ? பிரண்டை குடுக்கிறியாம்மா?"

"தினமும் துவையல் அரைக்கிறேன் பாய். எலும்பு சூப்பும் வைக்கிறேன்."

"இவ கைராசி அப்படி பாய்" என்றார் இவர். "இவ தொட்டது எது கூடிருக்கு?"

பிரண்டை நறுக்கினால் கை அரிக்கும். அரிக்க அரிக்க நறுக்கிப் பதமாக வதக்கி, புளி வைத்துத் துவையல் அரைக்கிறேன். சூப்புக்கு மிளகு இடித்துப் போடுகிறேன். சாப்பாட்டில் ஒரு குறை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

செப்டம்பர் 11, வியாழன்

பெரிய அண்டாவை எடுக்கப் பரணில் ஏறினேன். மூலையில் சாக்கில் சுற்றி ஒரு சாமான். பிரித்தால், சாரி கார்டு. அந்தப் பலகையும் இருக்கிறது. போல்ட்டும் நட்டும்கூடத் தனியாக ஒரு துணியில் முடிந்து வைத்திருக்கிறார். இவர் எதையும் தூக்கிப்போட மாட்டார்.

ஒரே தூசி. பல்லி முட்டை வேறு. சேலை முந்தானையால் நன்றாகத் துடைத்தேன். நிக்கல் பூச்சு இன்னும் போகவில்லை, முகம் தெரிகிறது. மறுபடி சாக்கில் சுற்றி அங்கேயே வைத்துவிட்டு அண்டாவோடு இறங்கினேன்.

செப்டம்பர் 20, சனி

சுற்று முடிந்து வரத் தாமதமாகிவிட்டது. கூழாம்பாறையில் பேசிக்கொண்டிருந்துவிட்டேன். கம்பு தோளில் விழுந்தது. படுத்திருக்கிறவரிடம் நான் ஏன் பக்கத்தில் போய் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கூப்பிட்டார், போனேன்.

"ஊர் மேயப் பழகிட்டியோ? கால் கூடட்டும்டி. அன்னைக்குச் சாவிய வாங்கி இடுப்புல சொருகிருவேன். அப்புறம் அடுப்படியத் தாண்டி ஒரு எட்டு வச்சுப் பாரு. இந்தக் காலுக்கு ஆன மாதிரி ஒன் ரெண்டு காலுக்கும் ஆகும்."

கால் கூடட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளுக்கும் அது தெரியும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கட்டு. வண்டி இப்போது நன்றாகக் கைக்கு வந்துவிட்டது. தனியாகப் போகும்போது எந்தக் கல்லிலும் ஏறுவதில்லை. சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், வண்டி தானாக அங்கே போகும். இவர் சொல்லிக்கொடுத்த நல்ல பாடம் அது ஒன்றுதான். இன்று ஓடைவரைக்கும் ஒவ்வொரு கல்லையும் நன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

இவர் வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் குரல் மாறிவிட்டது.

"மெல்லப் போ தனம்."

கல்யாணமான புதிதில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். தனக்கொடி என்பதில் பாதியை விட்டுவிட்டு. ஹெல்மெட் போட்டிருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை.

"தார் ரோட்டுக்குத் திருப்பிரவா?" என்று கேட்டேன். நான் கேட்டேன், அதை எழுதிவைக்கிறேன்.

என் இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வேணாம்" என்றார்.

அக்டோபர் 5, ஞாயிறு

மழை ஆரம்பித்துவிட்டது. செம்மண் எண்ணெய் தடவினாற்போல வழுக்குகிறது. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் பிடிக்கிறது. இதை நானே கண்டுபிடித்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ராவுத்தர் இன்று சிரித்தார். "பிடிச்சிருச்சு தம்பி! இன்னும் ரெண்டு கட்டு. தீபாவளிக்குக் கால ஊனி நடந்துரலாம்." இவர் ராவுத்தரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளியே வந்ததும் எனக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். தன் பங்கிலும் ஒன்றை எடுத்து என் இலையில் போட்டார். சாவியைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "இன்னும் கொஞ்ச நாள்தான்டி ஒனக்கு."

சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். பஜ்ஜி சூடாக இருந்தது.

திரும்பி ஏறும்போது வெள்ளப்பாறை வளைவு தாண்டி, பவுன்ராசுவின் ஜீப் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு எதிரே இறங்கியது. ஒதுங்க வேண்டும். வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் மண்சுவர், அதில் ஒரு பாறை துருத்திக்கொண்டிருக்கும். எல்லோரும் இடது பக்கம்தான் ஒதுங்குவார்கள். நானும் ஒதுங்கினேன். கொஞ்சம் கூடுதலாக ஒதுங்கிவிட்டேன் போலிருக்கிறது.

விறகு ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் இவர் கத்தினார்.

பவுன்ராசு ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். "எக்கா, இம்புட்டு எடம் கெடக்குல்ல! ஏன்க்கா செவுத்துல போயி ஏறுனீங்க?"

"பயந்துட்டேன் தம்பி."

அவன் நம்பினான். பெண் வண்டி ஓட்டினால், இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் உடனே நம்பிவிடுகிறார்கள்.

அக்டோபர் 13, திங்கள்

காய்ச்சல். ஜீப்பில் ராவுத்தரிடம் போகலாம் என்றேன், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். நெற்றியில் பற்றுப் போட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினார். அந்தக் கை என்னவோ என்னுடையதுதான்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஜீப்பில்தான் போனோம். ராவுத்தர் கட்டை அவிழ்த்தார். வீக்கத்தைச் சுற்றி விரலால் கோடு போடுவதுபோலத் தடவினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுக்கச் சொன்னார். இவரை ஜீப்பில் ஏற்றும்போது என்னை மட்டும் நிறுத்தினார்.

"ஏம்மா, வாராவாரம் எந்த ரோட்லதான் வந்தீங்க?"

"அவரக் கேளுங்க பாய். ஒவ்வொரு தடவையும் அவருதானே சொன்னாரு."

ராவுத்தர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் இடது மணிக்கட்டைப் பார்த்தார். "சரி, போயிட்டு வா" என்று உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 27, திங்கள்

ஆஸ்பத்திரியில் சொன்னது இதுதான். எலும்பு கூடிவிடும். கோணித்தான் கூடும். நரம்பு அடிபட்டுவிட்டதால் பாதம் மேலே எழும்பாது. கம்பு ஊன்றி நடக்கலாம்.

வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டு நின்ற வண்டியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கியர் கம்பிக்கு அடியில் இடது பாதத்தை நுழைத்துத் தூக்கப் பார்த்தார். பாதம் வாடிய இலை மாதிரி தொங்கியது. கையால் காலைத் தூக்கித் தூக்கிக் கம்பியில் வைத்தார். கியர் விழவில்லை. ஹாண்டில்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் முறத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது.

நவம்பர் 5, புதன்

மழை விட்டிருக்கிறது. சுற்று நன்றாகப் போகிறது. இப்போது எல்லா லைன்களிலும் என் ஹாரன் சத்தம் தெரியும். சாவியை நான் கழுத்துக் கயிற்றில் கோத்துப் போட்டிருக்கிறேன். இவர் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. வாசலில் உட்கார்ந்து நான் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கம்பு இப்போது நடக்க வேண்டியிருப்பதால் வேறு வேலைக்குக் கிடைப்பதில்லை.

கடைசி லைனுக்கு அப்பால் ஒரு பாதை மலை முதுகில் ஏறிப் போகிறது. அது எங்கே போகிறது என்று லைன் பெண்களிடம் கேட்டேன். மறுபக்கம் இறங்கி எங்கள் அக்கா ஊருக்குப் பக்கத்தில் போய்ச் சேருமாம். வண்டி போகுமா என்று கேட்டேன். "நீ ஓட்டுனா போகும்" என்றார்கள். பாதை காய்ந்ததும் போகிறேன். அக்காவுக்கு வாளைக் கருவாடு பிடிக்கும். தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தபோது வாசலில் பவுன்ராசு குனிந்து உட்கார்ந்து ஸ்பேனரால் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். வண்டியின் இடது பக்கம் பளபளவென்று சாரி கார்டு. அடியில் பலகை.

"அண்ணன் பரண்ல இருக்குன்னுச்சு, ஏறி எடுத்துக் குடுத்தேன்க்கா" என்றான். "பரண் பூரா ஒட்டடை. இது மட்டும் கண்ணாடி மாதிரி தொடச்சு வச்சிருக்கீங்க."

குடத்தை இறக்கி வைத்தேன். நிறைகுடம்தான். இவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், எப்படி நிற்பது, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று.

பவுன்ராசு போனதும் அடி விழும் என்று நின்றேன். விழவில்லை.

"எப்பத் தொடச்ச?"

நான் முந்தானையால் குடத்தின் விளிம்பைத் துடைத்தேன்.

"நல்லாத் தொடச்சிருக்க." அந்தப் பலகையைக் கம்பு முனையால் தட்டிப் பார்த்தார். "நாளையிலேர்ந்து நானும் சுத்துக்கு வாரேன். நடக்கத்தான் முடியல. ஒக்கார முடியும்ல?"

நவம்பர் 17, திங்கள்

பெட்டியை பெட்ரோல் டேங்கின் மேல் கட்டச் சொன்னார். பின் சீட்டு அவருக்கு. நான் ஹெல்மெட்டை எடுத்தேன்.

"அது வேணாம். நான் சொல்றது காதுல விழ மாட்டேங்குது."

வாங்கி ஆணியில் மாட்டினார். கழுத்துக் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றச் சொன்னார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் வண்டியில் உட்கார்ந்த பிறகு கொடுத்தார். இறங்கும் இடத்தில் எல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஊர் முக்கில் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"மண்ரோட்லயே போ. மெல்லப் போ. நீ ஏத்துன ஒவ்வொரு கல்லா எனக்குக் காட்டு."

காட்டினேன். ஓடைக்கு முன்னால் இருக்கும் கல். அதற்கு அடுத்து இரட்டைக் கல். காப்பி மூட்டை அடுக்கும் கிட்டங்கி வளைவில் வேர். ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி, "இதானா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். ஒவ்வொரு ஆமாவுக்கும் தலையில் ஒரு குட்டு, மெதுவாக, கணக்கு வைத்துக்கொள்வதுபோல. ஒன்றைச் சொல்லாமல் தாண்டப் பார்த்தேன். "இத விட்டுட்டியே" என்றார். அந்தக் காலுக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

வெள்ளப்பாறை வளைவுக்கு மேலே வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டார். கம்பைப் படுக்கப்போட்டு, மண்சுவரிலிருந்து பள்ளம்வரை ரோட்டின் அகலத்தை அளந்தார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாறையில் இன்னும் கட்டுத் துணியின் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். தள்ளிவிட எனக்கு ஒரு கை போதும். என் இடது கை கிளட்சிலும் வலது கை பிரேக்கிலும் இருந்தன. இரண்டையும் எடுக்கவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

திரும்ப ஏறிப் பலகையில் காலை வசதியாக வைத்துக்கொண்டார்.

"எனக்கு இனிமே காலு இல்ல. நீதான் காலு. செத்தாலும் சேந்தே சாவோம், ஓட்டு."

கூழாம்பாறையில் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார்கள். பின்னால் இருப்பவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இவர்தான் நிறுத்தார். முள் அசையாமல் நிறுத்தார். யாரும் டீ கொடுக்கவில்லை. அக்காவுக்கு எடுத்து வைத்திருந்த வாளையையும் விற்றுவிட்டார். மலை முதுகில் ஏறும் அந்தப் பாதை கடைசி லைனிலிருந்து தெரிந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"அது எங்க போகுது?" என்றார்.

"தெரியலங்க" என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் நான் வெளியே வருவதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார், ஒருபக்கமாக. எதிரே நான் வெறுங்குடத்தோடு வந்தேன். சிரித்தார்.